மூச்சு எந்தப் பக்கம் திணறுகிறது? பழைய பஜேரோவுக்குச் சைலன்சரா, ஸ்நார்க்கலா, ஒன்றுமே வேண்டாமா?

சகலையின் பஜேரோ தெருமுனையில் திரும்பும்போதே எங்கள் வீட்டு நாய் கட்டிலுக்கு அடியில் போய்விடும். புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவிலிருந்து பின் பம்பர் வரை மூன்று அங்குலக் குழாய்; நடுவில் சைலன்சர் என்று ஒரு டப்பாகூடக் கிடையாது. பானெட்டைத் திறந்தால், தொழிற்சாலை வைத்த கறுப்புப் பெட்டி இருந்த இடத்தில் சிவப்புத் துணி போர்த்திய கூம்பு ஃபில்டர் பளபளக்கிறது. என்னிடம் இருப்பதும் அதே வண்டிதான். அதே 2.8 லிட்டர் எஞ்சின், ஒரு வருடம் இளையது. "சகலை, நீங்களும் மாற்றிவிடுங்கள், வண்டி பறக்கும்" என்று ஒன்றரை ஆண்டாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மாற்றினேன், ஆனால் அவர் சொன்னபடி இல்லை. எதை எதோடு ஒப்பிட்டேன், எதை எடுத்தேன், எதை ஏன் விட்டேன் என்பதை இதே யோசனையில் இருக்கும் பழைய டர்போ டீசல்காரர்களுக்காக எழுதிவைக்கிறேன்.

வண்டியைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மிட்சுபிஷியோடு சேர்ந்து ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நம் திருவள்ளூர் ஆலையிலிருந்து வெளியிட்ட பஜேரோ எஸ்.எஃப்.எக்ஸ். இது. உள்ளே இருப்பது 4எம்40 எஞ்சின்: நான்கு சிலிண்டர், 95 மி.மீ. போர், 100 மி.மீ. ஸ்ட்ரோக், 2835 சி.சி. டீசல் நேராகச் சிலிண்டருக்குள் பாயாமல், பக்கத்தில் உள்ள சிறிய சுழல் அறையில் முதலில் எரியத் தொடங்கும் பழைய வகை. டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் எஞ்சினின் தலைமேல் படுத்திருக்கும். அதற்குக் காற்று ஊட்டப் பானெட்டில் ஒரு வாய் திறந்திருக்கும். முரட்டு எஞ்சின்தான், ஆனால் சூட்டைத் தாங்காது. சிலிண்டர் ஹெட் விரிசல் விடுவது இதன் பழைய நோய். கீழே வரும் என் முடிவுகள் பலவற்றுக்கும் அந்த நோய்மீதுள்ள பயம்தான் காரணம்.

முதலில் அடிப்படை ஒன்று. பெட்ரோல் எஞ்சினில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் காற்றுக்கு வழி திறக்கிறது. டீசலில் அப்படி இல்லை. மிதிப்பது டீசலின் அளவை மட்டுமே கூட்டுகிறது. காற்று எப்போதும் முடிந்த அளவு உள்ளே வந்துகொண்டேதான் இருக்கிறது. ஆகவே கரும்புகை விடாமல் ஓடும் டீசல் வண்டிக்குக் காற்றுப் பஞ்சம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அதற்குள் இன்னும் காற்றைத் திணித்தாலும் அதே டீசல்தான் எரியும். குழாயையும் ஃபில்டரையும் மாற்றினால் நேரடியாகக் குதிரைத் திறன் கூடிவிடும் என்பது பெட்ரோல் உலகத்திலிருந்து வந்த நம்பிக்கை. டீசலில் கிடைக்கும் லாபம் வேறு மாதிரியானது: டர்போ சீக்கிரம் விழிக்கும், எஞ்சின் தன் புகையை வெளியே தள்ளச் செலவிடும் உழைப்பு குறையும், வெளியேறும் வாயுவின் சூடு இறங்கும்.

நாமக்கல்லில் குடியிருப்பதில் ஒரு வசதி உண்டு. டீசல் எஞ்சினைப் பார்த்துப் பயப்படாத ஊர் இது. லாரிப் பட்டறை வைத்திருக்கும் ஓர் அண்ணனிடம்தான் வண்டியை விட்டேன். என் கையில் இருந்த பட்டியலை (மூன்று அங்குலக் குழாய், கூரை உயரத்திலிருந்து காற்றை இழுக்கும் ஸ்நார்க்கல், பெரிய இன்டர்கூலர்) வாங்கிப் பார்த்துவிட்டு மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்தார். "சார், வண்டி முதலில் பிறந்தபோது இருந்த மாதிரி ஆகட்டும். அதற்கப்புறம் பேசுவோம்."

அவர் கண்டுபிடித்தவை கௌரவமானவை அல்ல. இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கத்தில், கைக்கு எட்டாத இடத்தில், ஒரு விரல் நீளக் கிழிசல். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஹெட்டும் சேரும் இடத்தில் காஸ்கெட் ஊதிக்கொண்டிருந்ததற்கு அடையாளமாகக் கரிக்கோடு. டர்போவின் அழுத்தத்தை டீசல் பம்புக்குச் சொல்லும் பென்சில் தடிமன் ரப்பர் குழாய் வெடித்துப் போயிருந்தது; அழுத்தம் வந்திருப்பதே பம்புக்குத் தெரியாமல் அது டீசலைக் குறைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றினால் உள்ளே தார் ரோடு. புகையில் ஒரு பங்கைத் திருப்பி உள்ளே அனுப்பும் இ.ஜி.ஆர். அமைப்பின் கரியும், கிராங்க் அறையிலிருந்து வரும் எண்ணெய் ஆவியும் சேர்ந்து வளர்த்த புற்று. ஒரு வாயில் கட்டை விரல்கூட நுழையவில்லை. சுரண்டி, டீசலில் ஊறவைத்து, மீண்டும் சுரண்ட இரண்டு நாள் ஆனது.

இந்த வேலைகளுக்கு ஆன செலவு சகலையின் கூம்பு ஃபில்டருக்கு ஆனதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். வண்டி மாறிவிட்டது. எந்தப் புதிய பொருளும் வாங்காமல், எதையும் 'மாடிஃபை' செய்யாமல். ஆகவே ஒப்பீட்டின் முதல் தேர்வு இதுதான்: ஒன்றும் மாற்றாமல் பழுது பார்ப்பது. பலருக்கு இதோடு கட்டுரை முடிந்துவிட வேண்டும். எனக்கு முடியவில்லை, ஏனென்றால் பின் சைலன்சரைத் தட்டியபோது உள்ளே தகடுகள் கிலுகிலுப்பை மாதிரி ஆடின. குழாய் எப்படியும் மாற்றியாக வேண்டும். அப்படியானால் எதை வைப்பது?

வாங்குவதற்கு முன்னால் அளந்துவிடுவது என்று முடிவெடுத்தேன். இதுதான் இந்த முழு விவகாரத்திலும் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம், செலவும் சொற்பம். ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் இடையிலுள்ள குழாயில் சிறிய துளை போட்டு ஒரு நிப்பிள். அதிலிருந்து கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் கண்ணாடிக் குழாய், 'யு' வடிவில் வளைத்து, பாதி வரை கலர் தண்ணீர் ஊற்றி, பலகையில் கட்டி இடது இருக்கையில் வைத்தேன். எஞ்சின் காற்றை இழுக்கச் சிரமப்படும் அளவுக்குத் தண்ணீர் ஒரு பக்கம் ஏறும். அந்த உயர வித்தியாசம்தான் ஃபில்டரும் பெட்டியும் கொடுக்கும் தடை. கொல்லிமலை அடிவாரத்துக்குப் போகும் நேர்ச்சாலையில் மூன்றாவது கியரில் முழு மிதி. புதிய காகித ஃபில்டருடன், தொழிற்சாலைப் பெட்டியுடன், வித்தியாசம் 20 சென்டிமீட்டரைத் தாண்டவில்லை.

20 சென்டிமீட்டர் தண்ணீர் என்றால் என்ன? வளிமண்டலம் முழுவதும் கொடுக்கும் அழுத்தம் ஏறத்தாழ 10 மீட்டர் தண்ணீருக்குச் சமம். ஆக, இது அதில் இரண்டு சதவீதம். ஃபில்டரையே கழற்றி எறிந்துவிட்டு வெறும் ஓட்டையாக விட்டால்கூட அதிகபட்ச லாபம் இரண்டு சதவீதக் காற்றுதான். கனரக டர்போ டீசல்களில் 25 அங்குலம், அதாவது 63 சென்டிமீட்டர் வரை ஏறும்போதுதான் ஃபில்டரை மாற்றச் சொல்வது வழக்கம். காற்று உள்ளே வரும் பக்கத்தில் என் வண்டிக்கு மூச்சுத் திணறலே இல்லை.

அதற்கு மேல் கூம்பு ஃபில்டரின் கணக்கு இன்னும் மோசம். தொழிற்சாலைப் பெட்டி வெளிக் காற்றை இழுக்கிறது. கூம்பு, பானெட்டுக்குள் வெந்துகொண்டிருக்கும் காற்றை இழுக்கிறது. வெளியே 35 டிகிரி, உள்ளே 65 டிகிரி என்று வைத்துக்கொண்டால் காற்றின் அடர்த்தி ஒன்பது சதவீதம் குறைகிறது. இரண்டைச் சம்பாதிக்க ஒன்பதைக் கொடுக்கும் வியாபாரம். சத்தம் மட்டும் நன்றாக இருக்கும். டர்போ சுழலும் விசில் கேபினுக்குள் கேட்கும். வேகம் கூடிவிட்டது என்று காது சொல்வதை மூளை நம்பிவிடுகிறது.

இப்போது வெளியேறும் பக்கம். இங்கே கதை வேறு. இந்த எஞ்சின் 3000 ஆர்.பி.எம்.மில், 0.7 பார் டர்போ அழுத்தத்தில், நிமிடத்துக்குச் சுமார் 5.5 கன மீட்டர் காற்றை இழுக்கும் என்று கணக்குப் போட்டேன். அதே காற்று எரிந்து, டர்போவைச் சுற்றிவிட்டு 400 டிகிரி சூட்டில் வெளியே வரும்போது இரண்டு மடங்குக்கு மேல் உப்பி, 12 கன மீட்டர் ஆகிவிடுகிறது. உள்ளே வருவதைவிட வெளியே போவதற்குத்தான் இடம் அதிகம் வேண்டும். இரண்டு அங்குலக் குழாய் என்றால் அந்த வாயு நொடிக்கு ஏறத்தாழ 100 மீட்டர் வேகத்தில் ஓடியாக வேண்டும். இரண்டரை அங்குலத்தில் 63 மீட்டர். மூன்று அங்குலத்தில் 44.

நேரான குழாயின் உராய்வுத் தடை, விட்டத்தின் ஐந்தாவது அடுக்கில் மாறுகிறது. இரண்டு அங்குலத்தை இரண்டரை ஆக்கினால் தடை மூன்றில் ஒரு பங்காகிவிடும். மூன்று ஆக்கினால் எட்டில் ஒரு பங்கு. கேட்கும்போது மூன்று அங்குலம்தான் அபாரம் என்று தோன்றும். ஆனால் நூறு ரூபாய்க் கடனில் 67 ரூபாயை முதல் அரை அங்குலமே அடைத்துவிட்டது. அடுத்த அரை அங்குலம் அடைப்பது 20 ரூபாய். அந்த 20 ரூபாய்க்காக என்னென்ன கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதைச் சகலையின் வண்டியில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும்.

டர்போ வண்டிக்கு 'பின்னழுத்தம் கொஞ்சம் வேண்டும், இல்லாவிட்டால் இழுவை போய்விடும்' என்று ஒரு சொல் பட்டறைகளில் உலவுகிறது. டர்போவுக்குப் பின்னால் இருக்கும் அழுத்தத்தைப் பொறுத்தவரை இது தவறு. டர்பைன் தனக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்தங்களின் விகிதத்தில் வேலை செய்கிறது. விகிதம் இரண்டு என்றால், பின்னால் 0.2 பார் குறைத்தால் முன்னால் 0.4 பார் குறையும். பிஸ்டன் புகையைத் தள்ளும் சுமை அந்த அளவுக்குக் குறைகிறது. அதனால்தான் டர்போ டீசலில் எக்ஸாஸ்ட்டுக்குச் செலவிடும் ஆயிரம் ரூபாய், இன்டேக்குக்குச் செலவிடும் ஆயிரத்தைவிட அதிகம் வேலை செய்கிறது. உயரத்தில் இது இன்னும் தெரியும். ஊட்டி 2240 மீட்டர். அங்கே வளி அழுத்தம் கடல்மட்டத்தைவிட நான்கில் ஒரு பங்கு குறைவு. டர்போ எவ்வளவு சீக்கிரம் விழிக்கிறதோ அவ்வளவு குறைவாகக் கரும்புகை.

டர்போவிலிருந்து இறங்கும் முதல் குழாயான டவுன்பைப்பில் நிப்பிள் வைத்து, கொஞ்சம் செப்புக் குழாய் நீட்டி, சாதாரண அழுத்த மானியால் அளந்தபோது, தகடு உடைந்த பழைய சைலன்சருடன் நான்கு பி.எஸ்.ஐ. காட்டியது. ஃபில்டர் பக்கத்தில் இருந்த தடை இதே அலகில் 0.3. எந்தப் பக்கம் திணறல் என்பதற்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

எக்ஸாஸ்ட்டில் என் முன் இருந்த வழிகள் நான்கு. முதலாவது, பின் சைலன்சரை அறுத்து எடுத்துவிட்டு நேர்க்குழாய் ஒட்டுவது. செலவு மிகக் குறைவு, பலரும் செய்வது. ஆனால் பெரும் தடை பின்னால் இல்லை. டர்போவை விட்டு இறங்கும் முதல் வளைவில் இருக்கிறது. அங்கேதான் வாயு மிகச் சூடாக, மிக வேகமாக, சுழன்றபடி வருகிறது. அந்த வளைவை அப்படியே வைத்துவிட்டு வாலை அறுப்பதில் கிடைப்பது சத்தம் மட்டும். இரண்டாவது, தொழிற்சாலை அளவிலேயே புதிய குழாய் வரிசை. அமைதி, நிம்மதி, எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுச் சோதனையில் கேள்வி இல்லை. டீசல் பம்பையோ டர்போவையோ தொடும் எண்ணமே இல்லாதவர்கள் இதை எடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். ஆசையைத் தவிர ஒன்றையும் இழக்கமாட்டார்கள். மூன்றாவது, டர்போவிலிருந்தே இரண்டரை அங்குலம், நடுவில், வாயு திரும்பாமல் நேராகப் போகும் நேர்த்துளைச் சைலன்சர் ஒன்று. நான்காவது, சகலையின் மூன்று அங்குலப் பீரங்கி.

பீரங்கியின் பிரச்சினை, சத்தம் பெரிதாக இருப்பது மட்டுமல்ல. அது எந்தச் சத்தம் என்பது. நான்கு சிலிண்டர் எஞ்சின் 2000 ஆர்.பி.எம்.மில் நொடிக்கு 67 தடவை வெடிக்கிறது. மூடிய கண்ணாடிகளோடு ஓடும் பெட்டி போன்ற கேபினுக்குள் அந்தத் தாழ்ந்த ஓசை நின்று அதிரும். அதே 2000 ஆர்.பி.எம். சுற்றுவட்டாரத்தில்தான் இந்த வண்டி நெடுஞ்சாலையில் நாள் முழுக்க ஓடுகிறது. சகலையோடு நாமக்கல்லிலிருந்து மதுரை போய்த் திரும்பிய அன்று இரவு படுத்த பிறகும் கட்டில் உறுமுவதுபோல் இருந்தது. அவருடைய மனைவி இப்போது பஸ்ஸில்தான் அம்மா வீட்டுக்குப் போகிறார். இன்னொன்று, குழாய் தடிக்கத் தடிக்க வண்டிக்கு அடியில் இடம் குறைகிறது. நான்கு சக்கரங்களுக்கும் இழுவையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பக்கத்தில் மூன்று அங்குலம் நுழையாமல் அவர் வண்டியில் ஓரிடத்தில் குழாயைச் சுத்தியலால் தட்டித் தட்டையாக்கியிருக்கிறார்கள். தரைக்கு அருகில் தொங்கும் இன்னொரு வளைவில் பாறை உரசிய தழும்புகள். காட்டுப் பாதைக்கான வண்டியில் அது சரியான இடத்தில் இல்லாத முழங்கால்.

மூன்றாவது வழியை எடுத்தேன். செய்தது வெளிநாட்டுப் பெட்டிப் பொருள் அல்ல. லேத்தும் ஆர்கான் வெல்டிங்கும் உள்ள உள்ளூர்ப் பட்டறை. குழாயை வெறுமனே வளைத்தால் வளைவின் உட்பக்கம் நசுங்கும். அதனால் பால் பண்ணைக் குழாய் வேலைக்கு விற்கும் தயார் எஸ்.எஸ். வளைவுகளை வாங்கி, நேர்த்துண்டுகளோடு சேர்த்து ஒட்டினோம். கடையில் கேட்டால் எல்லோரும் 304 ரக எஸ்.எஸ். என்று பெருமையாகச் சொல்வார்கள். துருப்பிடிக்காது, உண்மை. ஆனால் அது சூட்டில் சாதாரண இரும்பைவிட ஒன்றரை மடங்கு நீளும். மூன்று மீட்டர்க் குழாய் 300 டிகிரி ஏறினால் 15 மி.மீ.க்கு மேல் நீண்டுவிடும். அந்த நீளத்துக்குப் போக்கிடம் இல்லாவிட்டால் வெல்டிங் பிளக்கும், அல்லது டர்போவின் கழுத்தை அது நெம்பும். டவுன்பைப்புக்குப் பின்னால் வளையும் பின்னல் துண்டு ஒன்று கட்டாயம். இதைக் கேட்காமலே போடும் வெல்டர் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

குழாயின் வாயைப் பக்கவாட்டில் விடும் ஆசை எனக்கும் இருந்தது. வேண்டாம் என்று தடுத்தது பட்டறை அண்ணன்தான். கதவுக்குக் கீழே முடியும் குழாயின் புகை, மெதுவாகப் போகும்போது கேபினுக்குள் ஏறும். மாசி, பங்குனியில் காய்ந்த புல்லில் வண்டியை நிறுத்துபவர்கள் சூடான குழாய் எங்கே, புல் எங்கே என்பதையும் பார்க்க வேண்டும்.

இன்டேக் பக்கத்தில் மிச்சம் இருந்த ஒரே நியாயமான கேள்வி ஸ்நார்க்கல். இதைத் திறனுக்காக வாங்குபவர்கள் ஏமாறுகிறார்கள். தூசிக்காகவும் தண்ணீருக்காகவும் வாங்குபவர்களுக்குப் பேச ஏதாவது இருக்கிறது. டீசல் சிலிண்டருக்குள் ஒரு கோப்பைத் தண்ணீர் போனால் போதும். தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளையும். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனையோ எஞ்சின்கள் அப்படித்தான் செத்தன. ஆனால் ஸ்நார்க்கல் இருக்கிறது என்று ஆற்றில் இறங்குபவர்கள் ஆல்டர்னேட்டரையும், கியர்பாக்ஸ், ஆக்சில் மூச்சுக் குழாய்களையும் மறந்துவிடுகிறார்கள். மலிவான ஸ்நார்க்கல்கள் பல வெறும் வேஷம். ஃபெண்டருக்குள் பெட்டியோடு சேரும் இடத்தில் இறுக்கமே இருக்காது. சோதிக்க எளிய வழி உண்டு: எஞ்சினை ஐடிலில் விட்டு ஸ்நார்க்கலின் வாயைப் பலகையால் முழுக்க மூடுங்கள். எஞ்சின் திணறி நிற்க வேண்டும். சாவகாசமாக ஓடிக்கொண்டிருந்தால் அது வேறெங்கோ மூச்சு விடுகிறது. தண்ணீரும் அதே வழியில்தான் வரும்.

தூசி விஷயத்தில் எனக்கு ஸ்நார்க்கலைவிட அதன் தலைதான் பிடித்திருக்கிறது. டிராக்டர்களின் பானெட்டுக்கு மேலே கண்ணாடிக் கிண்ணம்போல் நிற்குமே, சுழல்காற்றால் தூசியைப் பிரிக்கும் ப்ரீகிளீனர், அதைச் சொல்கிறேன். திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டிக்காரர்களைக் கேட்டால் தூசியோடு வாழ்வது எப்படி என்று வகுப்பே எடுப்பார்கள். வரிசையாக வண்டிகள் போகும் செம்மண் பாதையில் கடைசி வண்டியாக இருப்பவருக்கு இது காகித ஃபில்டரின் ஆயுளைக் கூட்டும். நான் வருடத்துக்கு இரண்டு முறைதான் அப்படிப் போகிறேன், அதனால் வாங்கவில்லை. மாதம் ஒருமுறை போகிறவராக இருந்தால் எக்ஸாஸ்ட்டுக்கு முன்னாலேயே இதை வாங்கியிருப்பேன்.

எண்ணெய் தடவிய துணி ஃபில்டரைப் பற்றி ஒரே வரி: காகிதத்தைவிட எளிதாகக் காற்று போகும் துணியில், பொடித் தூசியும் எளிதாகப் போகும்.

இன்டர்கூலர் விஷயத்தில் நான் பாதி வழிதான் போனேன். எஞ்சின் தலையில் உட்கார்ந்திருக்கும் இதற்கு மெதுவான மலையேற்றத்தில் காற்று கிடைக்காது. கீழிருந்து சூடுதான் கிடைக்கும். முன்பக்கம் பெரியதாக மாற்றலாம். ஆனால் குழாய் நீளும், ரேடியேட்டருக்குப் போகும் காற்றை அது மறைக்கும். ஹெட் விரிசலுக்குப் பயப்படும் ஆள் ரேடியேட்டரின் வாயை அடைக்கலாமா? பானெட் வாய்க்கும் இன்டர்கூலருக்கும் இடையிலிருக்கும் ரப்பர் வளையம் நைந்திருந்ததைப் பார்த்துப் புதிதாக ஒட்டினேன். காற்று இப்போது இன்டர்கூலர் வழியாகப் போகிறது. முன்பு அதைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது.

இதெல்லாம் முடிந்த பிறகு எல்லோரும் சொல்லும் அடுத்த வார்த்தை 'பம்ப் ஸ்க்ரூ'. கால் திருகு திருகினால் டீசல் கூடும், இழுவை நிஜமாகவே கூடும். குழாய் மாற்றம் தராத திறனை இந்தத் திருகு தரும் என்பதை மறைப்பதற்கில்லை. அதோடு சூடும் வரும். எக்ஸாஸ்ட் சூட்டைக் காட்டும் மானி இல்லாமல் அந்தத் திருகைத் தொடுவது, கண்ணைக் கட்டிக்கொண்டு அடுப்பை ஏற்றுவது. உணரியை டர்போவுக்கு முன்னால், மேனிஃபோல்டில் வைக்க வேண்டும். பின்னால் வைத்தால் குறைத்துக் காட்டும். தொடர்ந்து ஏறும்போது 700 டிகிரிக்குள் வைத்துக்கொள்வது என் கோடு. காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகளில், பழுது பார்ப்பதற்கு முன் என் மானி 720 காட்டியது. பழுது பார்த்தபின் 660. இரண்டரை அங்குலக் குழாய்க்குப் பின் 620. திருகைத் தொடவில்லை. மிச்சமாகிய நூறு டிகிரியைச் செலவழிக்க எனக்கு மனம் வரவில்லை.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் சொன்னதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதைக் கறாராகவே வாசித்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வந்தது. ஒலி, புகை விதிமீறலுக்குத் தனியாக 10,000 ரூபாய் வரை. குழாயின் விட்டம் ஆர்.சி.யில் எழுதப்படுவதில்லைதான், அதற்காக என் வேலை முழுக்கச் சட்டத்துக்குள் என்று நான் சாதிக்கமாட்டேன். நடைமுறையில், 15 வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எஃப்.சி. காட்டியாக வேண்டும். பிரேக் இன்ஸ்பெக்டர் காதால் கேட்பார், கண்ணால் பார்ப்பார். பி.எஸ்.3 எனும் பழைய மாசு விதி வரையான டீசல் வண்டிக்குப் புகைச் சோதனை வரம்பு 65 ஹார்ட்ரிட்ஜ் அலகு. என் வண்டி சுத்தமாகத் தேறியது. இ.ஜி.ஆரை அடைக்காமல் சுத்தம் மட்டும் செய்ததும் இதற்காகத்தான். சகலை எஃப்.சி.க்கு முந்தைய வாரம் பழைய சைலன்சரைத் தேடிப் பரணில் ஏறினார். முடிந்ததும் மறுபடி கழற்றினார். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை என்றாலும் அது இரண்டு நாள் வேலை.

போன மாதம் இருவரும் சேர்ந்து கொல்லிமலை ஏறினோம். பாதை நீண்டு கிடக்கும் இடங்களில் அவர் என்னைவிட ஒரு முழம் முன்னால்தான் இருந்தார், அதை ஒப்புக்கொள்கிறேன். வளைவு நெருங்கி வண்டி ஊர்ந்து ஏறும் இடங்களில், பானெட்டுக்குள் வெந்த காற்றைக் குடித்த அவர் வண்டி தயங்கியது. கறுப்பாக ஒரு கொப்பளிப்பு விட்டுவிட்டுத்தான் எழுந்தது. மேலே சோளக்காட்டில் டீக்கடையில் நிறுத்தியபோது நான் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவரேதான் பானெட்டைத் திறந்தார். கூம்பு ஃபில்டரைக் கழற்றி, டர்போவுக்குப் போகும் குழாய்க்குள் விரலை விட்டு எடுத்தார். சிவந்த பசை. ஜனவரியில் திருச்செந்தூர்ப் பக்கம் செம்மணல் காடான குதிரைமொழித் தேரிக்குப் போய்வந்தவர். டார்ச் அடித்துப் பார்த்தோம். கம்ப்ரசர் இறக்கைகளின் முனைகள் புதுக் கத்தியாக இருக்க வேண்டியவை, தேய்ந்த சீப்பாக இருந்தன.

"உங்கள் வண்டியில் இருக்கிறதே, அந்தக் கறுப்புப் பெட்டி, அது தனியாகக் கிடைக்குமா சகலை?" என்றார்.

அவருடையது பழைய இரும்புக் கடையில், பிளாஸ்டிக் கிலோ கணக்கில் போய்விட்டது. அடுத்த ஞாயிறு இருவரும் பழைய உதிரிபாகம் தேடிச் சென்னைப் புதுப்பேட்டை போகிறோம். பெட்டியின் அடிப்பக்க ரப்பர் வால்வு கிழியாமல் கிடைக்க வேண்டும்.